பங்குனிக் காட்டுச் சாட்சி

நாலு பேர் கூடிய இடத்தில் அமலோற்பவமேரியின் குரலை யாரும் கேட்டதில்லை. அவளுக்கு நாற்பது வயது ஆகும் வரைக்கும் அப்படித்தான் இருந்தது. பெருமுக்கல் மலைக்குத் தெற்கே இருந்த அந்தச் சின்ன ஊரில் பாதி வீடு வேதக்காரர்கள், பாதி வீடு குடியானவர்கள். அவளுடைய புருஷன் தொம்மை மாதா கோயிலில் கோயில்பிள்ளை. மணி அடிப்பது, மெழுகுவர்த்தி ஏற்றுவது, பூசைக்குச் சாமியாரின் உடுப்பை எடுத்து வைப்பது எல்லாம் அவர் பொறுப்பு. பீடத்துக்குப் பூ வைப்பது மட்டும் மேரியின் பொறுப்பு. கல்யாணமாகி வந்த வருஷமே அது அவள் கைக்கு வந்துவிட்டது.

ஊருக்கு மேற்கே ஓடையை ஒட்டி ஒரு காடு இருந்தது. ஜெபமாலையை இரண்டு தரம் சொல்லி முடிப்பதற்குள் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு நடந்துவிடலாம். காடு பெரிய பண்ணைக்குச் சொந்தம். ஆனாலும் கோயிலுக்குப் பூப் பறிக்கிறவளை யாரும் தடுத்ததில்லை. நுணா, களா, வெட்பாலை, ஆவாரை, கொன்றை என்று எது பூத்திருக்கிறதோ அதைக் கூடையில் எடுத்துக்கொண்டு பொழுது ஏறுவதற்குள் வந்துவிடுவாள்.

1949-ல் வந்த பங்குச் சாமியார் ஒழுங்குக்குப் பேர்போனவர். எந்தத் திருநாளுக்கு எந்தப் பூ பீடத்தில் வைத்தது என்று ஒரு நோட்டில் எழுதி வைக்கச் சொன்னார். மாதக் கடைசியில் அதைப் பார்த்துக் கையெழுத்தும் போட்டார். மேரி மடத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு வரை படித்தவள். எழுத்து முத்து முத்தாக இருக்கும். முதல் வருஷம் பூவை மட்டும் எழுதினாள். இரண்டாம் வருஷம் பறவையும் அதில் வந்து உட்கார்ந்துகொண்டது. பூக்கள் நம் வசதிக்குப் பூப்பதில்லை. எந்த மரம் எப்போது விரியும் என்று அவளுக்கு முன்கூட்டியே தெரிய வேண்டியிருந்தது. தேன்சிட்டு ஒரு மரத்தையே சுற்றிச் சுற்றி வந்தால் பத்து நாளில் அங்கே பூ உண்டு என்று கண்டுகொண்டாள். அப்புறம் தேன்சிட்டோடு நிறுத்த முடியவில்லை. எந்தக் குருவி எப்போது வந்தது, எப்போது போனது எல்லாவற்றையும் எழுதினாள். சாமியார் படித்துப் பார்த்துச் சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போடுவார்.

ஈஸ்டருக்கு முன்னால் வரும் தபசு காலத்தில் பீடத்தில் பூ வைக்கக் கூடாது. அந்த நாற்பது நாளும் மேரிக்கு ஓய்வு என்று மற்றப் பெண்கள் நினைத்தார்கள். அவளோ வெறுங்கையோடு காட்டுக்குப் போய்வந்தாள். மாசியும் பங்குனியும்தான் அந்தக் காட்டுக்கு வயசு திரும்புகிற காலம். பறிக்கிற அவசரம் இல்லாததால் அவளால் நின்று பார்க்க முடிந்தது. ஒன்பது வருஷம் அப்படிப் பார்த்தாள்.

1958-ஆம் வருஷம் மாசிக் கடைசியில் பச்சைமுத்துவின் கேஸ் விசாரணைக்கு வந்தது.

பச்சைமுத்து மேரியின் பக்கத்து வீட்டுக்காரன். ஓடையோரம் இரண்டு காணி நிலம் வைத்துக்கொண்டு மல்லாட்டையும் கேப்பையும் பயிர் செய்தவன். காட்டில் இரண்டு பெரிய ஆச்சா மரங்கள் வெட்டப்பட்டிருந்தன. சொந்தக் காடாக இருந்தாலும் அனுமதி இல்லாமல் மரம் வெட்டக் கூடாது என்று அப்போது சட்டம் வந்திருந்தது. அதிகாரி வந்து கேட்டதும் பண்ணை, ‘பச்சைமுத்து திருடி வெட்டினான்’ என்று கேஸ் கொடுத்துவிட்டது. அவன் ஜெயிலுக்குப் போனால் ஓடையோர நிலமும் சும்மா கைக்கு வரும் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

அவன் பெண்சாதி சின்னபொண்ணுவுக்குத் துணையாகத்தான் மேரி திண்டிவனம் கோர்ட்டுக்குப் போனாள். கடைசி பெஞ்சில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். பண்ணையின் காட்டுக் காவல்காரர் அப்பாதுரை கூண்டில் ஏறினார். ஐம்பது வயதுக்காரர், காட்டிலேயே பிறந்து வளர்ந்தவர். போன வருஷம் ஆடிப் பெருக்குக்கு மறுநாள் சாயந்திரம் ஆறு மணிக்குப் பச்சைமுத்து மரம் வெட்டியதைப் பார்த்ததாகச் சொன்னார்.

பச்சைமுத்துவின் வக்கீல் வேங்கடேசன் எழுந்தார். சின்ன வயசு, தொழிலுக்கும் புதுசு.

“மணி ஆறுன்னு எப்படிச் சொல்றே? கையில வாட்ச் இருந்துதா?”

“எனக்கெதுக்குங்க வாட்ச்சு. ஆறுமணிக் குருவி கூவிச்சு. அது காலையிலயும் சாயந்திரமும் கரெக்டா ஆறு மணிக்குத்தான் கூவும்.”

“பொழுது சாயுற நேரம். மரத்தடியில நின்னவன் மூஞ்சி எப்படித் தெரிஞ்சுது?”

“ஆச்சாவ ஒட்டி இருக்குற புரச மரம் மொட்டையா நின்னுக்கினு இருந்துதுங்க. எலை தழை ஒண்ணும் கெடையாது. வெளிச்சம் நேரா உள்ள வுழுந்துது. கீழ செவப்பா பூ கொட்டிக் கெடந்துது. அந்தப் பூ மேல நின்னுக்கினுதான் பச்சைமுத்து கோடாலிய ஓங்கினான். என் ரெண்டு கண்ணால பார்த்தேன்.”

பக்கத்தில் இருந்து பார்த்தவன்தான் இப்படிச் சொல்ல முடியும் என்று கோர்ட்டில் எல்லோருக்கும் தோன்றியது. வேங்கடேசன் கையிலிருந்த காகிதத்தை மடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். சின்னபொண்ணு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது மேரிக்கு என்னவோ இடறிக்கொண்டே இருந்தது, சோற்றில் கல் கிடப்பதுபோல. என்னவென்று பிடிபடவில்லை. மறுநாள் விடிந்ததும் வழக்கம்போல காட்டுக்குப் போனாள். ஓடை திரும்புகிற இடத்தில் அந்தப் புரச மரம் நின்றது. ஒரு இலை இல்லை. கிளை முழுக்கக் கிளிமூக்கு மாதிரி சிவந்த பூ. தரையெல்லாம் பூ. சருகுக்குள்ளிருந்து ஆறுமணிக் குருவி இரண்டு சீட்டி அடித்தது. மேரி அப்படியே நின்றுவிட்டாள். அப்பாதுரை சொன்னது அத்தனையும் அவள் கண் முன்னால் இருந்தது. ஆனால் இது ஆடி அல்லவே.

வீட்டுக்கு வந்து தொம்மையிடம் சொன்னாள். அவர் மணிக்கயிற்றைத் திரித்துக்கொண்டிருந்தவர், கையை நிறுத்தினார்.

“நமக்கெதுக்கு இந்தப் பேஜாரு? பண்ணையைப் பகைச்சுக்கினு நாளைக்கு நீ காட்டுல கால் வைக்க முடியுமா?”

“பொய்ச்சாட்சி சொல்லாதேன்னு கட்டளை இருக்குது. நெசம் தெரிஞ்சுக்கினு வாய மூடிக்கினு இருக்குறதுக்கு என்ன பேருன்னு சாமியாரைக் கேட்டுச் சொல்லுங்க.”

தொம்மை சாமியாரிடம் கேட்கப் போகவில்லை. கயிற்றைச் சுருட்டி வைத்துவிட்டு, “நோட்ட வேர்வையில நனைக்காத, துணியில சுத்தி எடுத்துக்கினு போ” என்றார்.

அன்றைக்கே மேரியும் சின்னபொண்ணுவும் திண்டிவனத்தில் வேங்கடேசன் வீட்டுக்குப் போனார்கள். வக்கீல் நோட்டைப் புரட்டினார். முதலில் அலட்சியமாகத்தான் புரட்டினார். பிறகு நாற்காலியை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு படித்தார்.

“கோர்ட்டுல வெறும் நோட்டைக் காட்டினா சிரிப்பாங்கம்மா,” என்றார் கடைசியில். “முதல்ல மாஜிஸ்திரேட் எசமானைக் காட்டுக்குக் கூட்டிக்கினு வரணும். நீங்க கூட நடந்து வருவீங்களா?”

“தெனம் நடக்குற வழிதானேங்க,” என்றாள் மேரி.

வேங்கடேசன் மனுப் போட்டார். சம்பவம் நடந்த இடத்தை நேரில் பார்க்க மாஜிஸ்திரேட் ஒப்புக்கொண்டார். பங்குனியில் சூசையப்பர் திருநாள் கழித்து வந்த சனிக்கிழமை சாயந்திரம் நாலு மணிக்கு ஜீப் ஓடைக்கரையில் வந்து நின்றது. மாஜிஸ்திரேட் ஒல்லியான மனிதர், மூக்குக்கண்ணாடி, கான்வாஸ் ஷூ. பண்ணையின் வக்கீல் பட்டைக்கரை வேட்டியை முள் மாட்டாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கினார். அப்பாதுரை, பச்சைமுத்து, வேங்கடேசன், பின்னால் ஊர்ச்சனம் கொஞ்சம்.

“இந்த அம்மா யாரு?” என்றார் மாஜிஸ்திரேட்.

“எங்க தரப்புச் சாட்சிங்க. இந்தக் காட்டை ஒன்பது வருஷமா நாள் தவறாமப் பார்த்துக்கினு வர்றவங்க,” என்றார் வேங்கடேசன்.

“சுள்ளி பொறுக்குறவங்க எல்லாருந்தான் பார்க்குறாங்க,” என்றார் பண்ணை வக்கீல். “என்ன தெரியும்னு போற வழியிலயே கேட்டுப் பார்த்துடலாமே.”

அவர் கேலியாகச் சொன்னதை மாஜிஸ்திரேட் நிஜமாகவே எடுத்துக்கொண்டார். கேட்கலாம் என்றார்.

ஒற்றையடிப் பாதையில் மேரி முன்னால் நடந்தாள். முக்காட்டை நெற்றி வரை இழுத்துவிட்டிருந்தாள். காலுக்கு மட்டும் வழி தெரிந்தது. பத்தடி போனதும் டுக், டுக், டுக் என்று எங்கோ செம்பு தட்டுகிற சத்தம்.

“இங்க கன்னார் தெரு ஏதாவது இருக்கா?” என்றார் மாஜிஸ்திரேட்.

“குக்குறுவான் குருவிங்க. அந்தப் பட்டுப்போன இலுப்பையோட உச்சிக் கொம்புல பாருங்க. கையகலம் கூட இருக்காது. நெத்தியில செவப்புப் பொட்டு.”

எல்லோரும் அண்ணாந்தார்கள். வெகு நேரம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு மாஜிஸ்திரேட்டின் முகம் மலர்ந்தது. “இருக்கு,” என்றார்.

“எசமான் காலைப் பார்த்து வைங்க,” என்றாள் மேரி. ஷூவுக்கு ஒரு விரற்கடை தள்ளி, தரையோடு தரையாக, கடுகை விடக் கொஞ்சம் பெரிசாக நீலப் பூக்கள் பூத்திருந்தன. “விஷ்ணுகிரந்தி. வெயில் சாஞ்சா மூடிக்கும்.”

அதற்கப்புறம் யாரும் கேட்கும் முன்பே அவள் சொல்ல ஆரம்பித்தாள். களாச்செடி வெள்ளைப் பூவில் மூடிக் கிடந்தது. அதற்குள் தையல்சிட்டு இலையைத் தைத்துக் கூடு கட்டியிருந்ததைக் கிளையைத் தொடாமலே காட்டினாள். வாசனை வந்த திசையில் கையை நீட்டி, அங்கே திரும்பினால் நுணா இருக்கும் என்றாள், இருந்தது. புதருக்குள்ளிருந்து கனத்த குரலில் ‘உப், உப்’ என்று வந்ததும் பண்ணை வக்கீல் முந்திக்கொண்டு, “ஆந்தை பகல்லயே கத்துது பாருங்க” என்றார்.

“ஆந்தை இல்லீங்க, செம்போத்து.”

சொல்லி வாய் மூடவில்லை, செங்கல் நிற இறக்கையோடு ஒரு செம்போத்து புதரை விட்டு இறங்கி வழியில் நிதானமாக நடந்து போனது. பின்னால் வந்த ஊர்ச்சனம் சிரித்தது. பண்ணை வக்கீல் வேட்டியில் ஒட்டிய முள்ளைப் பிடுங்க ஆரம்பித்தார்.

ஓடையைத் தாண்டும்போது எல்லோரும் ஒரே பக்கம் திரும்பினார்கள். கறுத்த கொண்டையும் வெள்ளை உடம்புமாக ஒரு பறவை, முழ நீளத்துக்கு நாடா மாதிரி வால் பின்னால் அலைய, தண்ணீரின் மேல் தாழ்ந்து பறந்து மூங்கிலுக்குள் போயிற்று.

“வால்குருவி,” என்றாள் மேரி மெதுவாக. “இது ஆம்பளைங்க. மொதல்ல ரெண்டு மூணு வருசம் செவலையா இருக்கும். அப்புறந்தான் வெள்ளையாவும்.”

“இருபத்தாறு வருஷம் சர்வீஸ்,” என்றார் மாஜிஸ்திரேட் யாருக்கும் சொல்லாமல். “இப்படி ஒண்ணை இன்னைக்குத்தான் பார்க்குறேன்.”

புரச மரத்துக்கு வந்து சேர்ந்தபோது வெயில் மஞ்சளாகச் சரிந்திருந்தது. மொட்டை மரம் நெருப்புப் பற்றியது போல நின்றது. தரை தெரியாமல் சிவப்பு. அப்பாதுரை தான் நின்ற இடத்தையும் பச்சைமுத்து நின்ற இடத்தையும் காட்டினார். நாற்பது கஜம் தூரம் இருக்கும். ஆளை நிறுத்திப் பார்த்தார்கள். முகம் தெளிவாகத் தெரிந்தது. மாஜிஸ்திரேட் கடிகாரத்தைப் பார்த்தார். ஆறு அடிக்க மூன்று நிமிஷம். சருகுக்குள்ளிருந்து இரண்டு சீட்டி, தெளிவாக, ஒன்றன்பின் ஒன்றாக வந்தது.

பண்ணை வக்கீலுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. “சாட்சி சொன்னது அட்சரம் பிசகாம இருக்குங்களே. மரம் மொட்டை. கீழ செவப்புப் பூ. ஆறு மணிக்குக் குருவி. இதுக்கு மேல என்ன வேணும்?”

வேங்கடேசன் மேரியைப் பார்த்தார். அவள் முக்காட்டைத் தோளுக்கு இறக்கிவிட்டாள்.

“எசமான், அப்பாதுரை அண்ணன் சொன்னது எல்லாம் இங்க இருக்குதுங்க. இல்லேன்னு நான் சொல்லல. ஆனா அது பங்குனிக் காடு. இந்த மரம் மாசியில எலைய உதிர்த்துட்டுப் பூக்கும். சித்திரை முடியறதுக்குள்ள பூவெல்லாம் போய் எலை வந்துடும். ஆடியில வந்து பாருங்க, ஒவ்வொரு எலையும் சோறு வச்சுத் திங்குற அளவு இருக்கும், உள்ள நிக்கிற ஆளு தெரியாது. அந்தக் குருவியும் அப்படித்தான். அது இந்த ஊர்க் குருவியே இல்ல. புரட்டாசி வாக்குல வரும், சித்திரையில போயிடும். ஆடியில இந்தக் காட்டுல ஆறு மணின்னு சொல்ல அது இருக்காதுங்க.”

மாஜிஸ்திரேட் குனிந்து ஒரு பூவை எடுத்துக் கையில் உருட்டினார்.

“அப்பாதுரை, நீ இந்தக் காட்டு ஆளு. ஆடியில புரசு பூக்குமா?”

அப்பாதுரை மரத்தைப் பார்த்தார். பண்ணை வக்கீலைப் பார்த்தார். மறுபடி மரத்தைப் பார்த்தார். அந்த மரத்தைப் பற்றிப் பொய் சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை போலிருக்கிறது.

“பூக்காதுங்க,” என்றார்.

அடுத்த வாரம் கோர்ட்டில் மேரி கூண்டில் ஏறினாள். இடமே இல்லாமல் சனம் நின்றது. பண்ணை வக்கீல் புரச மரத்தை விட்டுவிட்டார். அதில் இனி ஆகப்போவது ஒன்றுமில்லை. குருவியைப் பிடித்துக்கொண்டார்.

“அந்தக் குருவிக்கு இங்கிலீஷுல என்ன பேரு?”

“தெரியாதுங்க. அதுக்கும் தெரியாது.”

கோர்ட்டில் சிரிப்பு அடங்க நேரமானது.

“இந்த நோட்டை நேத்து உட்கார்ந்து எழுதியிருக்கலாமே?”

“ஒவ்வொரு மாசக் கடைசியிலயும் சாமியாரு கையெழுத்து இருக்குதுங்க. மொதல் நாலு வருசக் கையெழுத்துப் போட்ட சாமியாரு மாத்தலாகிப் போயிட்டாரு. இப்போ கடலூர்ல இருக்குறாரு. கூப்பிட்டுக் கேக்கலாம்.”

மாஜிஸ்திரேட் நோட்டைக் கேட்டு வாங்கினார். பூவின் பெயரும் குருவியின் பெயரும் ஒரே வரியில் நெருக்கி எழுதப்பட்டிருந்தன. இடையில் ஒரு சொல் செருக இடமில்லை. ஒவ்வொரு பக்கமாகச் சத்தம் போட்டே படித்தார். ‘பிரான்சிஸ்கு அசிசியார் திருநாளுக்கு மறுநாள், புரட்டாசி. பீடத்துக்குச் சங்குப்பூ. ஆறுமணிக் குருவி வந்தது.’ ‘மாற்கு திருநாள், சித்திரை. கொன்றை. ஆறுமணிக் குருவி இன்றும் கூவவில்லை, போய்விட்டது.’ குருவிகளை எழுதிய எட்டு வருஷத்தில் ஒரு ஆடியிலும் அதன் பெயர் இல்லை. கோர்ட்டில் திருநாள் பெயர்களும் பூப்பெயர்களும் குருவிப்பெயர்களும் ஒன்றன்பின் ஒன்றாக ஒலித்தன. அவள் எழுத்தை இன்னொருவர் வாயால் கேட்பது மேரிக்கு அதுதான் முதல் தடவை. இவ்வளவா எழுதியிருக்கிறோம் என்று அவளுக்கே வியப்பாக இருந்தது.

அப்பாதுரையை மறுபடி கூப்பிட்டார்கள். அவர் சுற்றி வளைக்கவில்லை.

“மரத்தைப் பண்ணையே வெட்டி வித்துதுங்க. போன மாசம் பண்ணை ஏஜெண்டு என்னைக் காட்டுக்குக் கூட்டிக்கினு போயி, ‘இங்கதான் பார்த்தேன்னு சொல்லு’ன்னாரு. அன்னைக்கு என் கண்ணுக்கு என்ன தெரிஞ்சுதோ அதைச் சொன்னேன். வேற எப்படிச் சொல்றதுன்னு எனக்குத் தெரியல.”

மேரிக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. அவரும் நன்றாகத்தான் பார்த்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டாள்.

பச்சைமுத்து விடுதலை ஆனான். மரம் வெட்டியதற்குப் பண்ணையின் மேல் தனியாக நடவடிக்கை வந்தது. தீர்ப்பில் மாஜிஸ்திரேட், இந்தச் சாட்சியைப் போல் தான் சொல்வதை அறிந்து சொன்ன ஒருவரை இந்தக் கோர்ட்டில் தாம் கண்டதில்லை என்று ஒரு வரி எழுதினார். வேங்கடேசன் அந்த வரியை மட்டும் நகல் எடுத்து மேரிக்குக் கொடுத்தார்.

ஊர்ச்சனம் அன்று பஸ்ஸில் நேராக ஊருக்குப் போகவில்லை. ஒரு ஸ்டாப் முன்னாலேயே இறங்கிக் காட்டு வழியாக நடக்கலாம் என்று யாரோ சொல்ல, அத்தனை பேரும் இறங்கிவிட்டார்கள். “மேரியக்கா, இது என்னா?” “அக்கா, அங்க கூவுறது எது?” என்று வழி முழுக்கக் கேட்டார்கள். பிறந்ததிலிருந்து அந்தக் காட்டைத் தாண்டி நடந்தவர்கள்தான். சின்னபொண்ணு குக்குறுவானைத் தானே கண்டுபிடித்துவிட்டுப் பச்சைமுத்துவின் தோளைப் பிடித்து உலுக்கினாள். கோர்ட்டுக்கு வந்திருந்த தொம்மை நோட்டைத் துணியில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு, பூசைப் புத்தகத்தை எடுத்து வருவதுபோல நடந்தார்.

அந்த ஆடி மாதம் ஒரு சாயந்திரம் மாஜிஸ்திரேட் தனியாக சைக்கிளில் வந்தார். புரச மரத்தடியில் மேரியோடு ஏழு மணி வரைக்கும் உட்கார்ந்திருந்தார். தலைக்கு மேல் இலை அடர்ந்து கிடந்தது. தவிட்டுக்குருவிகள் சண்டை போட்டன, கௌதாரி ஒன்று கூப்பிட்டது, வேறு ஒன்றுமில்லை.

“வரல,” என்றார்.

“வராதுங்க,” என்றாள் மேரி.

1964-ல் பண்ணை மிச்சக் காட்டையும் வெட்டிச் சவுக்கு வைக்க அனுமதி கேட்டது. விசாரிக்க வந்த மேலதிகாரி ஊரில் யாரைக் கேட்டாலும், “மேரியக்காவைக் கூட்டிக்கினு போய்ப் பாருங்க” என்றே சொன்னார்கள். அதுவும் பங்குனி மாதம்தான். மேரி கூப்பிட்டதும் வந்தாள். அப்போது நோட்டு மூன்று ஆகியிருந்தது. நாலு மணிக்குக் கிளம்பியவர்கள் ஏழு மணி வரைக்கும் நடந்தார்கள். அதிகாரி ஐம்பத்திரண்டு பறவையும் முப்பத்தெட்டுப் பூவும் தன் கையால் எழுதிக்கொண்டு போனார். அனுமதி கிடைக்கவில்லை. செய்தி வந்த அன்று தொம்மை, திருநாள் எதுவும் இல்லாத சாதாரணச் செவ்வாய்க்கிழமையில், கோயில் மணியை ஒரு முழு நிமிஷம் அடித்தார்.